இடது பக்கம் காற்று

ஏழு உருப்படி, முப்பத்தெட்டு நிமிடம்.
ட்ரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ்.
நான்கே பேர், ஐம்பத்தெட்டில்
ஒரே மத்தியானத்தில் வாசித்துவிட்டு
எழுந்து போயிருக்கிறார்கள்.
டேப் மட்டும் ஏதோ கிடங்கில்
இத்தனை வருடம் இரைந்துகொண்டே கிடந்திருக்கிறது.

அந்த இரைச்சலை எடுக்கத்தான் எனக்குக் கூலி.
பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி, மாடி அறை.
ஸ்பீக்கர்கள் சிந்துபூந்துறை வீட்டில்
வெள்ளத்தில் நின்றவை.
இடதின் மரம் இன்னும் உப்பியிருக்கிறது,
கொஞ்சம் பொய் சொல்லும்.
எவ்வளவு பொய் என்று எனக்குத் தெரியும்
ஆகவே மாற்றவில்லை.

மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு
அது கிடக்கட்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள் நால்வரும்.
என்ன வேகம்.
சந்து சந்தாய் நுழைந்து, கைவிட்டு, தேடி,
மூச்சிரைக்கத் திரும்பினால்
வைத்த இடத்திலேயே இருக்கிறது மெட்டு.

டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக்
கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கிற இடத்தில்
கீழே ராத்திரிக் கடையில்
கல்லில் தண்ணீர் தெளித்து
விளக்குமாற்றால் இழுத்தார்கள்.
எது எது என்று தெரியாமல்
ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.
பிறகு கீழே தாளம் தப்பியது.
தோசை ஊற்றியிருப்பார்கள்.

நான்காவது மட்டும் மெதுவான உருப்படி.
முதலில் நாற்காலி கிறீச்சிட்டதை எடுத்தேன்,
பாஸ்காரர் தனக்குள் முனகியதை,
ட்ரம்பெட்காரரின் மூச்சுகளை.
பதினேழு மூச்சு.
உச்சியில் ஒரு சுரம் ஓரம் உடைந்திருந்தது
அதையும் நேராக்கினேன்.
அலைவரிசை திரையில்
சோப்புப் போட்டுக் குளித்ததுபோல் இருந்தது.

கோயில்பிச்சை வந்தான்,
போன மாதம் ரெக்கார்டிங்கில்
மறந்துவிட்டுப்போன மவுத்பீஸை எடுக்க.
சிவப்புக் கோடு போட்ட பேன்ட், தோளில் பேண்டு கோட்டு.
மேலப்பாளையத்தில் கல்யாணம் முடித்து வருகிறான்,
விடிந்தால் சமாதானபுரத்தில் ஓர் அடக்கம்.
'யாருக்கா இது, நல்லா ஊதுதான்'
என்று உட்கார்ந்தான்.

மூன்று விரல் தொடையில் நடந்தன.
கன்னம் லேசாக உப்பியது.
கூடவே மூச்சைப் பிடித்தான்,
பிடித்தான்,
கழுத்து நரம்பு தெரிந்தது,
பாதியில் புஸ்ஸென்று விட்டான்.

'ஏக்கா, இந்தாளு எங்கதான் மூச்சு வாங்குதான்?'

அழித்துவிட்டேன் என்றேன்.

'எதுக்கு?'

கம்பெனிக்காரன் சொன்னான்.

'சவம், செத்துல்லா போவான்.'

பழைய பிரதியைப் போட்டேன்.
இரண்டு நிமிடம் பதினாலாவது வினாடி,
வாயின் ஓரத்தில் ஈரமாய், குட்டையாய்
ஓர் இழுப்பு.
கோயில்பிச்சை முன்னால் குனிந்தான்.
'மேலுதடு வெடிச்சிருக்கு அவனுக்கு.
ராத்திரி எங்கயோ ஊதிட்டுத்
தூங்காம வந்திருக்கான்.
அடுத்த ஏத்தத்துக்குப் பயப்படுதான் பாருங்க.'

ஏறினான்.
சுரத்தின் ஓரம் உடைந்தது.
கோயில்பிச்சை தன் உதட்டைத் தொட்டுக்கொண்டான்.
நான் நேராக்கிய சுரம் அதுதான்.
அவனிடம் சொல்லவில்லை.

குழாயில் மவுத்பீஸைக் கழுவி
ஊதி உதறி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்று மணிக்குமேல்
உடைசலைத் திரும்ப உடைத்தேன்.
ஒரு மூச்சைத் திரும்ப வைத்தேன்.
ஒன்றுதான்.
மற்ற பதினாறும் போனது போனதுதான்,
வாடகை இருக்கிறது.
இடது ஸ்பீக்கரில் அது
சற்றுக் கூடுதலாகவே கேட்டது
பொய் போக மிச்சம் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது:
நான்காவது உருப்படி, இரண்டு பதினாலு,
இடது பக்கம் ஏதோ காற்று. சரிபார்க்கவும்.

பார்த்துவிட்டேன், காற்றுதான்
என்று எழுதினேன்.

மீதிப் பணம் இன்னும் வரவில்லை.